ரெண்டாவது பொண்ணுக்கும் தொட்டில் போட்டோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்ல. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு எழுதுறதோட சரி. "குழந்தையும் குடும்பமும்"னு தலைப்பு குடுத்து பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. குழந்தைக்கு என்ன ஊட்டணும், எப்படித் தூக்கணும்னு பேசறதுக்கு நர்ஸ் அக்கா இருக்காங்க. நான் எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். கணக்கோட சொல்றேன். கணக்கு இல்லாம பேசினா நம்ம ஆளுங்க நம்ப மாட்டாங்க.

எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ 2019 பிப்ரவரி மாசம் பொறந்தா. சின்னவ 2022 ஆகஸ்ட் மாசம். வீட்டுக்காரர் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் உள்ள ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பாக்குறாரு. வீட்டுல மாமியார் இருக்காங்க. தூளி கட்டுறதுக்குக் கூரையில ஒரு கொக்கி, அதுக்குக் கீழ தண்ணிக் குடம் ரெண்டு, பக்கத்துல டிவி. வீடு அவ்வளவுதான்.

பெரியவளுக்கு எல்லாமே செஞ்சோம். ஏழாம் மாசம் வளைகாப்பு, பதினோராம் நாள் தொட்டில், அப்புறம் முதல் பிறந்தநாளும் காது குத்தும் சேர்த்து சேலையூர் பக்கம் ஒரு சின்ன மண்டபத்துல. 2020 பிப்ரவரி 23, ஞாயித்துக்கிழமை. இருநூறு பேர் சாப்பிட்டாங்க. என் தம்பி தாய்மாமன் சீர் கொண்டு வந்தான். பதினோரு தட்டு. அரை சவரன் செயின், வெள்ளிக் கொலுசு, வெள்ளி அரைஞாண், எனக்கும் அவருக்கும் பட்டு, பழம், பலகாரம். மேளம் வேற வச்சிருந்தான். பாத்தவங்க எல்லாம் "மாமன்னா இப்படி இருக்கணும்"னு சொன்னாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

என் தம்பி வாடகை ஆட்டோ ஓட்டுறவன். அந்தச் சீருக்கு நாலு இடத்துல தண்டல் வாங்கியிருக்கான்னு எங்க யாருக்கும் தெரியாது. தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம்னு எழுதிக்குவாங்க, கையில குடுக்குறது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளைக்கு நூறு ரூபா, நூறு நாள். இவன் நாலு பேர்கிட்ட வாங்கினதால நாப்பதாயிரம் எழுதி, கைக்கு வந்தது 34,000. தினம் நானூறு ரூபா கட்டணும். ஆட்டோ வாடகை போக, டீசல் போக, நானூறு. முப்பத்தஞ்சு நாள் கட்டியிருந்தான். மார்ச் 25 அன்னைக்கு ஊரடங்கு வந்துச்சு. ஆட்டோ ஸ்டாண்டுல நின்னுது. மீதி 26,000.

எங்கம்மா தாலியில இருந்த குண்டு, மாங்கா எல்லாத்தையும் கழட்டி அடகு வச்சுட்டு வெறும் மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தாங்க. கொரோனாவுல கடை எல்லாம் மூடியிருக்கேன்னு நான் அதைப் பெருசா எடுத்துக்கல. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் தம்பி பொண்டாட்டி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். மீட்டு முடிக்க அடுத்த வருஷம் பொங்கல் ஆயிடுச்சு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சொல்றேன்.

சின்னவ வயித்துல இருந்தப்போ ரெண்டாவது பிரசவத்துக்கு வளைகாப்பு கிடையாதுன்னு வழக்கப்படி விட்டுட்டாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, நம்ம பக்கம் அப்படித்தான். ஆனா அங்கன்வாடி டீச்சர் வந்து சமுதாய வளைகாப்புக்குப் பேரு எழுதிட்டுப் போனாங்க. முதல் பிரசவம், ரெண்டாவது பிரசவம்னு பாக்காம எல்லாரையும் வரிசையா உட்கார வச்சு, கன்னத்துல சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டு, கலவை சாதம் போட்டாங்க. எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, காதல் கல்யாணம். அதுக்கு அதுதான் முதல் வளைகாப்பு. சாப்பிடாம வளையலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அரசாங்கம் நடத்துற விசேஷம்தானேன்னு நாம சில பேர் போகாம இருந்துடுறோம். போங்க.

அந்த ஒன்பது மாசமும் எங்க சொந்தத்துல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?" வயித்துல இருக்குறது ஆணா பொண்ணான்னு சொல்றதும் குத்தம், கேக்குறதும் குத்தம்னு 1994லயே சட்டம் போட்டாச்சு. ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் சுவத்துலயும் போர்டு இருக்கு. "குழந்தை நல்லா இருக்குன்னு சொன்னாங்க"ன்னு நான் சொல்லுவேன். "அது சரி, மத்தது?"ம்பாங்க.

பொண்ணு பொறந்துச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம். குழந்தையத் தொடச்சு வெளியில கொண்டு வந்து காட்டுனவங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட, "பையனா இருந்தா ஆயிரம் கேட்டிருப்பேன், பொண்ணுதானே, ஐந்நூறு குடுங்க"ன்னு கேட்டாங்களாம். பொறந்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள பாதி விலை. அவரு நல்ல மனுஷன், சண்டைக்குப் போக மாட்டாரு. "பொண்ணுக்கும் ஒண்ணும் குடுக்குறதா இல்லம்மா, நீங்க சம்பளம் வாங்குறவங்கதானே"ன்னு சொல்லிட்டுக் குழந்தைய வாங்கிக்கிட்டாரு.

பாக்க வந்தவங்கள்ல ஒரு பெரியம்மா, "கவலைப்படாதடி, அடுத்தது சிங்கக்குட்டி"ன்னாங்க. "அடுத்தது இல்ல பெரியம்மா, ஆபரேஷன் பண்ணியாச்சு"ன்னேன். அவங்க முகத்தப் பாக்கணுமே. வாங்கிட்டு வந்த ஹார்லிக்ஸ் பாட்டிலத் திரும்பக் கேப்பாங்களோன்னு எனக்கு பயம் வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் பேச்சு வந்துச்சு. பதினோராம் நாள் தொட்டில் போடணுமா வேண்டாமா? வீட்டுக்காரரோட அத்தை, "ஒண்ணுக்குச் செஞ்சாச்சு, இதுக்குமா? செலவுதான். பேசாம ஒரு நல்ல நாள் பாத்து வாய்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்க"ன்னாங்க. அவங்க சொன்னதுல செலவுங்கறது உண்மை. என் தம்பி பட்ட பாடு எனக்குத் தெரியும். சுருக்கமா முடிச்சுட்டா அவன் தப்பிப்பான். ஆனா ஒண்ணுமே செய்யாம விட்டா, என் பொண்ணு பொறந்ததே யாருக்கும் தெரியாத மாதிரி ஆயிடும். பெருசா செஞ்சா தம்பி தலையில விழும், சின்னதா செஞ்சா பொண்ணுன்னு குறைச்சுட்டாங்கம்பாங்க. ரெண்டு நாள் பால் குடுக்கும்போதெல்லாம் இதேதான் நினைப்பு.

என் மாமியார் அதுவரைக்கும் வாயத் திறக்கல. பேரன் வேணும்னு அவங்களுக்கும் ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். குழந்தையக் குளிப்பாட்டிட்டு இருந்தாங்க. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையக் கால் மேல குப்புறப் போட்டு, வெந்நீர் ஊத்தி, சாம்பிராணி காட்டி எடுத்து வந்து என் கையில குடுத்தாங்க. அப்ப சொன்னாங்க. அவங்க பொறந்த ஊரு திருத்தணி பக்கம். அந்தப் பக்கம் சில ஊர்ல பொண்ணு மேல பொண்ணா பொறந்தா "வேண்டாம்"னே பேரு வைக்கிற வழக்கம் இருந்துச்சு. அப்படிப் பேரு வச்சா அடுத்தது ஆம்பளப் புள்ள பொறக்குமாம். என் மாமியாரோட தங்கச்சிக்கு அந்தப் பேருதான். பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வாத்தியார் "வேண்டாம்"னு கூப்பிட, கிளாஸே சிரிக்குமாம். அதனாலேயே அவங்க ரெண்டாவதோட நின்னுட்டாங்களாம். "அவளுக்குத் தொட்டிலும் போடல, ஒண்ணும் போடல. இவளுக்குப் போடணும். சின்னதா போட்டாலும் போடணும்"னு சொல்லிட்டு, ஈரப் புடவைய மாத்தப் போயிட்டாங்க.

அதுக்கு மேல அந்த அத்தை பேசல.

பதினோராம் நாள் வீட்டுலயே வச்சோம். பத்திரிகை அடிக்கல. எங்க குழுவுல இருக்குற பதினாலு பேருக்கும் வாயால சொன்னேன். சொந்தத்துல பக்கத்துல இருக்குறவங்க மட்டும். மொத்தம் நாப்பது பேர். எங்கம்மா எடுத்துக் குடுத்த புதுப் புடவையில தூளி. ரெண்டு பக்கமும் கதம்பம். குழந்தைக்குக் கையில வசம்பு வளையல், கருப்பு மணி, இடுப்புல கருப்புக் கயிறு, கன்னத்துல ஒரு மை. மாமியார் காதுல மூணு தடவை பேரு சொன்னாங்க. அப்புறம் பெரியவ, அப்ப அவளுக்கு மூணரை வயசு, "நானும் சொல்லுவேன்"னு அழுது, தூளிக்குள்ள தலைய விட்டுக் கத்திச் சொன்னா. குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து அழுதுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அவ தங்கச்சிகிட்ட இருந்த பொறாமை அன்னைக்குத்தான் கொஞ்சம் குறைஞ்சுது.

செலவு: அரிசி, பருப்பு, காய், வடை, பாயசம் எல்லாம் சேர்த்து 4,900. பூ 450. வளையல், மஞ்சள் குங்குமம், தாம்பூலப் பை 1,100. பாத்திரம் வாடகை 600. மொத்தம் 7,050 ரூபா. குழுவுல 5,000 உள்கடன் எடுத்தேன், நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. மாசம் ஆயிரம் அசல் கட்டி அஞ்சு மாசத்துல முடிச்சேன். மொத்த வட்டி 150 ரூபா. மீதி 2,050 வீட்டுச் சேமிப்பு. தம்பி தண்டல்ல இழந்தது ஆறாயிரம். நூத்தம்பதும் ஆறாயிரமும் நீங்களே பாத்துக்குங்க.

அன்னைக்கு எங்க குழு அக்காங்க ஒரு காரியம் செஞ்சாங்க. வழக்கமா ஆளுக்கு ஒரு கவுன், ஒரு பவுடர் டப்பா, ஒரு சோப்புப் பெட்டின்னு வரும். பெரியவளுக்கு வந்த கவுன்ல பாதி பிரிக்காமலே சின்னதாப் போச்சு. இந்தத் தடவை மத்த பதிமூணு பேரும் ஆளுக்கு நூறு ரூபா போட்டு, 1,300 ரூபாயக் கையில குடுத்து, "இதை அவ பேர்ல போடு"ன்னாங்க. போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சேன். பத்து வயசுக்குள்ள இருக்குற பொண்ணு பேர்ல ஆரம்பிக்கலாம், வருஷத்துக்கு 250 ரூபா போட்டாலும் கணக்கு ஓடும். அடுத்த மாசக் கூட்டத்துல இனிமே யாரு குழந்தைக்கும் இப்படித்தான்னு தீர்மானம் போட்டோம். நான்தான் எழுதினேன். ஒரு அக்கா, "ஆம்பளப் புள்ளைக்கு?"ன்னு கேட்டாங்க. ஆம்பளப் புள்ளைக்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.ன்னு அதையும் எழுதினோம்.

பணத்தப் பத்தி இன்னொண்ணு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல குடுக்குற மகப்பேறு உதவி, ரெண்டு பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபா. முதல் ரெண்டு பிரசவத்துக்கு உண்டு. அந்தப் பணத்துல விசேஷம் செய்யக் கூடாதுன்னு நானும் அவரும் முன்னாடியே பேசிக்கிட்டோம். அது முட்டைக்கும் பாலுக்கும் கீரைக்கும் ஆட்டோவுக்கும். அந்த அம்மா 1886ல புதுக்கோட்டையில பொறந்தவங்க. பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறதே அதிசயமா இருந்த காலத்துல 1912ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, 1927ல சட்டசபைக்குப் போனாங்க. 1954ல அடையாறுல புத்துநோய் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சவங்களும் அவங்கதான். பேங்க் பாஸ்புக்குல பணம் ஏறுச்சான்னு பாக்குறோம், பேரு யாருதுன்னு பாக்குறதில்ல. அதான் சொன்னேன்.

ரெண்டும் பொண்ணா இருந்து குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருந்தா, முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல ஒவ்வொரு பொண்ணு பேர்லயும் 25,000 வைப்பு வைப்பாங்க, பதினெட்டு வயசுல முதிர்வுத் தொகை வரும். ஒரே பொண்ணோட நிறுத்தினா 50,000. 1992லேருந்து இருக்குற திட்டம். வருமான வரம்பு உண்டு. சின்னவளுக்கு மூணு வயசு முடியறதுக்குள்ள எழுதிப் போடணும். எங்க தெருவுல ஒருத்தருக்கு ரெண்டு மாசம் தாண்டிப் போய் வரல. இங்க உட்கார்ந்திருக்குறவங்கள்ல யாருக்காவது ரெண்டரை வயசு ரெண்டாவது பொண்ணு இருந்தா, சாப்பிட்டுட்டு என்னைப் பாருங்க. அப்படியே பிறப்புச் சான்றிதழ்ல பேரு ஏத்தாம வச்சிருந்தா, ஒரு வருஷத்துக்குள்ள ஏத்தினா கட்டணம் கிடையாது.

விசேஷம் ஒரு நாள். மத்த நாள் எப்படிப் போச்சுன்னா, அவருக்கு நைட் ஷிப்டுன்னா பகல்ல தூங்கணும். ஒரே ரூம். குழந்தை அழுதா நான் தூக்கிட்டு வாசல்ல வேப்பமரத்தடிக்குப் போயிடுவேன். அடுப்புல குக்கர் கூவும். பெரியவ அப்பதான் "ஆய் வருது"ம்பா. அங்கன்வாடி இல்லன்னா நான் பைத்தியம் ஆயிருப்பேன். காலையில விட்டுட்டு வந்தா மதியம் வரைக்கும் கவலை இல்ல.

மாமியாருக்கும் எனக்கும் சண்டை வந்ததுன்னா உரை மருந்துக்குத்தான். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, கடுக்காய் எல்லாம் வேகவச்சு டப்பாவுல வச்சிருந்தாங்க. கல்லுல உரைச்சு நாக்குல தடவணும்பாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணி கூட வேண்டாம்னு நர்ஸ் அக்கா சொல்லியிருந்தாங்க. நான் சொன்னா எடுபடாது. அதனால புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது மாமியாரையே குழந்தையத் தூக்கிட்டு வரச் சொன்னேன். நர்ஸ் அக்கா, "அம்மா, நீங்க நல்லாத்தான் குளிப்பாட்டுறீங்க, எடை நல்லா ஏறியிருக்கு. காதுல மூக்குல மட்டும் எண்ணெய் விடாதீங்க. உரை மருந்து டப்பாவ ஆறு மாசம் மேல தூக்கி வைங்க"ன்னு சொன்னாங்க. தன்னைப் பாராட்டினதுல இவங்களுக்கு அது மனசுல ஏறிடுச்சு. ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசம் ஊசிக்கெல்லாம் அதுக்கப்புறம் அவங்கதான் அட்டைய எடுத்து வச்சு என்னைக் கிளப்புவாங்க. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடிச்சா தூங்காம முழிச்சிருக்கறதும் அவங்கதான்.

காது குத்து 2023 ஜூன் மாசம், பதினோராம் மாசத்துல, திருப்போரூர் முருகன் கோயில்ல. பஸ்ல போனோம், ஒன்பது பேர். கோயில்ல மொட்டை அடிக்க 2021 செப்டம்பர்லேருந்து கட்டணம் கிடையாது, அது ஒரு உதவி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி தம்பி வந்தான். "அக்கா, மூத்தவளுக்குச் செயின் போட்டேன். இவளுக்குப் போடலன்னா நாளைக்கு இவ என்னைக் கேக்க மாட்டாளா?" அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. மறுபடியும் தண்டல் வாங்கத் தயாரா வந்திருந்தான். நான் சொன்னேன்: "மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் மாமன் மடிதான்டா வேணும். தட்டு மேலயா புள்ளைய உட்கார வைக்கப் போறோம்?" அவன் ஒத்துக்கல. ரெண்டு நாள் போன்ல பேசிப் பேசி, அரை கிராம் தோடும் ஒரு பட்டுப் பாவாடையும்தான்னு முடிவாச்சு. அந்தப் பழைய செயின் ரெண்டு பொண்ணுக்கும் பொதுன்னு ஆக்கிட்டோம். தீபாவளிக்குப் பெரியவ போட்டுக்குவா, பொங்கலுக்குச் சின்னவ. சண்டை வராமலா இருக்கு? வருது. ஆனா பொண்ணுங்க சண்டைக்கு வட்டி கிடையாது.

அதுக்கப்புறமும் எங்க தெருவுல ஒரு அம்மா சொன்னாங்க, "முதல் பொண்ணுக்கு மண்டபம், ரெண்டாவதுக்கு பஸ்ஸு. பையனா இருந்தா இப்படியா செஞ்சிருப்பாங்க?" அது என் மனசுல ரொம்ப நாள் இருந்துச்சு. பையனா இருந்தாலும் இதேதான் செஞ்சிருப்போம்னு நான் சொன்னா யார் நம்புவாங்க? காட்டுறதுக்கு என்கிட்ட பையன் இல்லையே. போன தை மாசம் எங்க குழுவுல ஒரு தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, முதல் குழந்தை. அவ மாமனார் மண்டபம் பாக்கப் போயிட்டாரு. அவ படுத்த படுக்கையிலேயே தீர்மான நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லி எனக்குப் போன் பண்ணினா. மாமனார் நோட்டைப் படிச்சுட்டு, "இது பொம்பளைங்க போட்ட தீர்மானம்"னாரு. "உங்க பேரனப் பெத்ததும் பொம்பளதானே மாமா"ன்னு அவ கேட்டாளாம். கடைசியில வீட்டுலயே தூளி, நாப்பத்தஞ்சு பேர் சாப்பாடு, ஆர்.டி.க்கு ஆளுக்கு நூறு. மாமனாரு மட்டும் கோவிச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாரு. பாயசம் குடுத்ததும் உள்ள வந்துட்டாரு.

இப்ப எங்க குழுவுல இன்னொரு தங்கச்சிக்கு ரெண்டாவது மாசமா இருந்து ஏழாம் மாசம் நடக்குது. முதல் பொண்ணுக்கு அஞ்சு வயசு. வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு எங்க வீட்டு வாசல்லயே அவளுக்கு வளைகாப்பு வைக்கிறோம். ரெண்டாவது பிரசவத்துக்கு வளைகாப்பான்னு கேக்குறவங்களும் வாங்க. வளையல் தாம்பரம் சண்முகம் சாலையில வாங்கி வச்சாச்சு. சாதம் ஆளுக்கு ஒண்ணு. புளி சாதம் நான், தேங்கா சாதம் தலைவி அக்கா, தயிர் சாதம் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. எலுமிச்சை சாதத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் இன்னும் யாரும் பேரு குடுக்கல. குடுக்குறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.